போட்ஸ்வானா வந்து 12 நாள்: குடும்பத்தை வரவழைக்கவா, டிக்கெட்டை ரத்து செய்யவா? அவசரம்

தென்காசிக்காரன் · நவம்பர் 4, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வேலைக்காக போட்ஸ்வானா வந்து 12 நாள் ஆகிறது. கணக்கு வேலை. டிசம்பர் 6 அன்று மனைவியும் மகனும் வர டிக்கெட் போட்டாகிவிட்டது. பணம் திரும்பாத டிக்கெட்.

நிலைமை இதுதான். குழாயில் 3 நாளாகத் தண்ணீர் இல்லை. ஆறு கண்ணுக்கு எதிரே கிடக்கிறது, குழாய் காற்றை விடுகிறது. கம்பெனி கொடுத்த அறையை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். பார்த்த இரண்டு வீட்டிலும் முன்பணம் கேட்கிறார்கள், சம்பளமோ 25ஆம் தேதிதான். வேலை பெர்மிட் வருகிறது வருகிறது என்கிறார்கள், வரவில்லை. பகலில் 40 டிகிரி. கதவைத் திறந்தால் வாசலில் கழுதை நிற்கிறது. ராத்திரியானால் யாரோ தடித்த ஆள் அடித்தொண்டையில் ஹோ ஹோ என்று சிரிக்கிற மாதிரி வெளியே ஒரு சத்தம். இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

மாமனார் தினமும் போன் போட்டு, "மாப்பிள்ளை, அங்கே யானை தெருவில் வருமாமே" என்கிறார். இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கேள்வி ஒன்றுதான். வரச் சொல்லவா, ரத்து செய்யவா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.


பாலைவனப் பாண்டி · நவம்பர் 5, காலை 6:15

தம்பி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாக உட்காருங்கள். (தண்ணீர்தான் இல்லை என்றீர்களே, மறந்துவிட்டேன். கடையில் வாங்கிக் குடியுங்கள்.)

நான் வந்தது 2006 மே மாதம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து பெட்டி நிறைய அரைக்கைச் சட்டை. மதுரைக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழி மாதத்து விடியற்காலை, அதோடு சரி. ஜூனில் ஒரு நாள் எழுந்து பார்த்தால் தோட்டத்துக் குழாயின் முனையில் ஐஸ் தொங்குகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பருவம் தலைகீழ் என்று ஆறாம் வகுப்பில் படித்து மார்க்கும் வாங்கியவன்தான், உடம்புக்கு அது தெரியவில்லை. முதல் சம்பளம் வரும்வரை ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு கம்பளியை வாசல் கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கம்பளி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், இந்த ஊரை முதல் மாதத்தில் எடை போடாதீர்கள். தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்கு நிலம், 5,81,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2022 கணக்கெடுப்பில் ஜனம் 24 லட்சத்துக்குள், மதுரை மாவட்டத்து ஆட்கள்கூடத் தேற மாட்டார்கள். நாட்டில் பெரும்பகுதி கலஹாரி மணல். பணத்தின் பெயரே 'பூலா', அதாவது மழை. தலைவர்கள் பேசி முடித்ததும் கூட்டம் "பூலா!" என்று கத்தும். மழையை வாழ்த்தாகச் சொல்கிற ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கோபப்படுவதில் அர்த்தம் இல்லை. 2015இல் தலைநகர் கபரோனியின் அணையே வற்றிப் போய், வடக்கே இருந்து பல நூறு கிலோமீட்டர் குழாயில் வந்த தண்ணீரில்தான் நாங்கள் குளித்தோம்.

பெர்மிட் அலுவலகத்துக்குப் போனால் நேராக விஷயத்துக்குப் போகாதீர்கள். ஆண் என்றால் "துமேலா ர்ரா", பெண் என்றால் "துமேலா ம்மா". பிறகு தூக்கம் எப்படி, வீட்டில் எப்படி, அப்புறம்தான் பேப்பர். காகிதத்தை வலது கையால் நீட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த மரியாதைதான், கொஞ்சம் கூடுதலாக.

குடும்பத்தைக் கூட்டி வாருங்கள். தனியாக இருந்தவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும்.


கபரோனி அக்கா · நவம்பர் 5, காலை 9:02

பாண்டி அண்ணா சொல்வதில் பாதி சரி. ஆனால் டிசம்பரில் கூட்டி வராதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

டிசம்பர் பாதியில் இந்த ஊர் காலியாகிவிடும். இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று இடம் உண்டு. சொந்தக் கிராமம், மழை வந்தால் உழுகிற நிலம், மாடு மேய்க்கிற பட்டி. பட்டிக்கு 'மொராக்கா' என்று பெயர். கிறிஸ்துமஸ் என்றால் எல்லோரும் அங்கே போய்விடுவார்கள். ஜனவரி முதல் வாரம் தாண்டும்வரை ஒரு கையெழுத்து கிடைக்காது. நான் அப்படித்தான் ஒரு டிசம்பர் 18ஆம் தேதி இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினேன். கேஸ் சிலிண்டர் நிரப்பத் தெரியாமல் மூன்று நாள் ரொட்டியும் ஜாமும்தான். சின்னவன் அதற்குப் பிறகு ஜாமைத் தொடவே இல்லை, இப்போது கல்லூரிக்கே போய்விட்டான்.

பள்ளிக்கூடம் ஜனவரியில் தொடங்கும், நம்ம ஊர் மாதிரி ஜூனில் இல்லை. தனியார் ஆங்கிலப் பள்ளியில் இடம் வேண்டுமென்றால் இப்போதே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். குழந்தைக்கு என்ன வயது என்று நீங்கள் சொல்லவே இல்லையே? வீட்டைப் பொறுத்தவரை, மதில் இருக்கிறதா, மின்சாரம் டோக்கன் போடுகிற மீட்டர்தானா, பழைய ஆள் பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா, இதைப் பாருங்கள். பிளாக் 8 பக்கம் கிடைத்தால் பாலாஜி கோயில் பக்கம், சனிக்கிழமை நம் ஆட்களைப் பார்க்கலாம்.

ஊர்ப் பெயரை உள்ளூர் ஆளிடம் "கபரோனி" என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த முதல் எழுத்து தொண்டையில் வர வேண்டும், 'ஹபரோனே' மாதிரி. அந்தச் சிக்கலே வேண்டாமென்றால் "காப்ஸ்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.


பிரான்சிஸ்டவுன் மாஸ்டர் · நவம்பர் 5, பகல் 1:30

தம்பி, நான் யாழ்ப்பாணம். 1994இல் கணித ஆசிரியராக வந்து இன்னும் போகவில்லை. அப்ப நாங்கள் எதிலிருந்து வெளிக்கிட்டு வந்தம் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வந்த முதல் கிழமை இரவில் ஒரு வாகனம் பின்னால் வெடித்த மாதிரிச் சத்தம் போட்டது, நான் கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். பக்கத்து அறை ஆசிரியர் வந்து கதவைத் தட்டி, அது பழைய லொறி ஐயா என்று சொல்லித் தேத்தண்ணி போட்டுத் தந்தார். இந்தச் சனத்தைப் பற்றி அதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு ஆள் 'மொட்ஸ்வானா', பல பேர் 'பட்ஸ்வானா', பாஷை 'செட்ஸ்வானா'. இதை மாறிச் சொன்னால் பிழை என்று திருத்துவார்கள், கோபிக்க மாட்டார்கள்.

இந்த நாடு 1966 செப்டம்பர் 30 சுதந்திரம் அடைந்தபோது தார் போட்ட வீதி 12 கிலோமீட்டர்தான் இருந்தது என்பார்கள். அதற்கு முந்தி நிர்வாகத் தலைநகரமே நாட்டுக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மஃபிகெங்கில். அடுத்த வருஷம் ஒராபாவில் வைரம். அது கிடைத்த நிலம் முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவின் சொந்தச் சனத்தின் நிலம். ஆனாலும் கனிமம் எந்தச் சாதிசனத்துக்கும் இல்லை, அரசுக்குத்தான் என்று சட்டம் செய்தார்கள். பக்கத்து நாடுகளில் வைரம் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள், இதன் பெறுமதி விளங்கும்.

58 வருஷம் ஆண்ட கட்சி 2024 அக்டோபர் தேர்தலில் நாலே நாலு இடத்துக்கு வந்தது. முழு முடிவும் வரமுந்தியே ஜனாதிபதியாக இருந்த மசீசி தோல்வியை ஒப்புக்கொண்டார். நவம்பர் 1 டூமா போகோ புது ஜனாதிபதியாகப் பதவியேற்றார். நான் அடுத்த கிழமை பள்ளிக்கூடம் போனேன், பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்திருந்தார்கள். ஒரு கண்ணாடி உடையவில்லை.

ஊர்க் கூட்டத்துக்கு 'கோட்லா' என்று பெயர், மரத்தடியில் தலைவர் இருக்க ஆரும் எழும்பிக் கதைக்கலாம். கோட்லாவில் சொல்லப்படுகிற சொல் எல்லாம் அழகானதுதான் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். இந்தத் திரியில் நாங்களும் அதைத்தான் செய்கிறோம் போல.

முன்பணம் ஒரு மாதத்துக்கு மேல் குடுக்காதேங்கோ. குடும்பத்தைக் கூப்பிடுங்கோ.


கபரோனி அக்கா · நவம்பர் 5, பகல் 2:11

மாஸ்டர், ஒரு மாத முன்பணம் எல்லாம் பிரான்சிஸ்டவுனில் இருக்கலாம். இங்கே இரண்டு மாதம் இல்லாமல் சாவியைக் காட்டக்கூட மாட்டார்கள்.


திருச்சிப் பட்டை · நவம்பர் 5, மாலை 7:48

எல்லோரும் பழைய கதை பேசுகிறீர்கள். இன்றைய கதையை நான் சொல்கிறேன்.

எங்கள் அப்பா திருச்சியில் செயற்கைக் கல் பட்டை தீட்டினார். நான் அசலைத் தீட்ட வேண்டும் என்று 11 வருஷத்துக்கு முன் கபரோனி வந்தேன். வைரக் கம்பெனி டி பியர்ஸ் 2013இல் லண்டனில் இருந்த விற்பனையை இங்கே கொண்டுவந்த பிறகு பட்டறைகள் நிறைய இருந்தன, ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது சூரத்தில் ஆய்வகத்தில் வளர்க்கிற வைரம் சந்தைக்கு வந்து, அசலை வாங்க ஆள் குறைந்து, எங்கள் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அப்பாவுக்குச் சோறு போட்ட செயற்கைக் கல் என் சோற்றில் மண்ணைப் போடுகிறது. போனில் சொன்னால் அவர் சிரிக்கிறார்.

இந்த நாட்டு ஏற்றுமதியில் ஐந்தில் நாலு பங்கு வைரம். ஜ்வனெங் சுரங்கத்தில் தும்மினால் அரசாங்கத்துக்கு ஜுரம் வரும். அரசாங்கத்துக்கும் டி பியர்ஸுக்கும் பாதிப்பாதியான டெப்ஸ்வானா சுரங்கக் கம்பெனியே உற்பத்தியைக் குறைத்திருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் தம்பி. அரசாங்க ஒப்பந்தம் என்றால் பில் பணம் தாமதமாகும், உங்கள் சம்பளமும் தாமதமாகும். பெர்மிட் கம்பெனி பெயரில்தான் இருக்கும், கம்பெனி போனால் பெர்மிட்டும் போச்சு.

குடும்பத்தைக் கூட்டி வராதீர்கள். ஒரு வருஷம் பாருங்கள்.


பாலைவனப் பாண்டி · நவம்பர் 5, இரவு 8:20

2008இலும் இதையேதான் சொன்னார்கள், வைரம் அவ்வளவுதான் என்று. அப்போது மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் 2011இல் திரும்பி வந்து என்னிடமே வேலை கேட்டார்கள்.


திருச்சிப் பட்டை · நவம்பர் 5, இரவு 8:34

அப்போது போட்டிக்கு இந்த ஆய்வக வைரம் இல்லை அண்ணே. அதுதான் வித்தியாசம்.


கபரோனி அக்கா · நவம்பர் 5, இரவு 9:05

வைரத்தை விடுங்கள், தக்காளியைப் பேசுவோம். 2022 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து காய்கறி வரக்கூடாது என்று நிறுத்தினார்களே, உள்ளூர் விவசாயி பிழைக்கட்டும் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் ரசம் வைக்கத் தக்காளியைத் தேடி மூன்று கடை ஏறினேன். இப்போது தளர்த்திவிட்டார்கள், விலை மட்டும் இறங்க மறந்துவிட்டது.


பிரான்சிஸ்டவுன் மாஸ்டர் · நவம்பர் 5, இரவு 9:40

தக்காளி இல்லாவிட்டால் புளி இருக்குத்தானே. நான் முதல் மூன்று வருஷம் புளியும் மிளகும்தான். தட்டைப்பயற்றங் கீரையை இவர்கள் காய வைத்து 'மொரோகோ' என்று சமைப்பார்கள், தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் எங்கட வறைதான். சோளக் கூழ் 'போகோபே', புளிக்க வைத்ததும் கிடைக்கும். மதுரைக்காரருக்குச் சோளக் களி தெரிந்திருக்க வேணும்.


பாலைவனப் பாண்டி · நவம்பர் 5, இரவு 9:52

தெரியும் மாஸ்டர். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு தட்டில் மோபேன் புழுவை வறுத்து வைப்பார்களே, அதற்குத்தான் நான் இன்னும் பழகவில்லை. என் மகள் நிலக்கடலை மாதிரி எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்.


திருச்சிப் பட்டை · நவம்பர் 5, இரவு 10:15

கரண்டு போய்விட்டது. போன் சார்ஜ் 9 சதவீதம். நாளைக்குத் திட்டுகிறேன்.


தென்காசிக்காரன் · நவம்பர் 6, காலை 5:50

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். இரண்டு பேர் வரச் சொல்கிறீர்கள், இரண்டு பேர் வேண்டாம் என்கிறீர்கள். சில விவரங்கள் எழுதாமல் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். மகனுக்கு 3 வயது, பள்ளிக்கூடம் இப்போது பிரச்சினை இல்லை. மனைவிக்கு 5ஆம் மாதம். மார்ச்சில் பிரசவம்.

அப்புறம், நான் கபரோனியில் இல்லை. வடமேற்கே மவுன் ஊரில் இருக்கிறேன். சுற்றுலா விடுதிகளுக்குச் சாமான் அனுப்புகிற ஒரு கம்பெனியில் கணக்கு. பிளாக் 8 எங்கே என்று நேற்று முழுக்க வரைபடத்தில் தேடினேன்.


பாலைவனப் பாண்டி · நவம்பர் 6, காலை 6:30

மவுனில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் இரண்டு நாள் மவுனமாக இருந்தீரே ஐயா! கபரோனியிலிருந்து 850 கிலோமீட்டருக்கு மேல். நான் சொன்னதில் "துமேலா" மட்டும் அங்கேயும் செல்லும், மற்றதை அழித்துவிடுங்கள்.


மவுன் பழைய நர்ஸ் · நவம்பர் 6, காலை 7:10

வணக்கம். நான் மவுனில் 6 வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது கபரோனியில் இருக்கிறேன். முதல் பதிவைப் படித்தபோதே சந்தேகப்பட்டேன். கபரோனியில் வாசலுக்கு எதிரே ஆறும் கிடையாது, ராத்திரி அந்தச் சிரிப்பும் கிடையாது. அது ஆள் இல்லை, நீர்யானை. தாமலகானே ஆற்றில் இருப்பவை இருட்டிய பிறகு கரையேறிப் புல் மேய வரும். தண்ணீர் இல்லை என்று பக்கெட்டை எடுத்துக்கொண்டு தயவுசெய்து ஆற்றுக்குப் போய்விடாதீர்கள், முதலையும் உண்டு. இருட்டில் கரையோரம் நடக்காதீர்கள். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஆள் நிற்பதுதான் ஆபத்து. மாமனார் கேட்கிற யானை ஊருக்குள் சாதாரணமாக வராது, ஊரைத் தாண்டினால் சாலையிலேயே நிற்கும். அவரிடம் பாதி உண்மை சொல்லியிருக்கிறீர்கள், பரவாயில்லை.

இப்போது மனைவி விஷயம். இதுதான் பெரிய விஷயம், இதை யாரும் கேட்கவில்லை. கபரோனியில் மலேரியா கிடையாது, மவுன் பக்கம் உண்டு. மழை தொடங்குகிற நவம்பரிலிருந்து மே வரை அதன் காலம். வீட்டுச் சுவரில் மருந்து அடிக்க அரசாங்க ஆட்கள் வருவார்கள், அடிக்க விடுங்கள், கறை படிகிறது என்று திருப்பி அனுப்பாதீர்கள். கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. தடுப்பு மாத்திரை எல்லாமே கர்ப்பிணிக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடியவை அல்ல. டிசம்பரில் ஆறாம் மாதத்தில் ஒரு பெண்ணை மவுனுக்கு வரவழைக்கிறீர்களா என்று தென்காசியில் அவர்களைப் பார்க்கிற டாக்டரிடம் இந்த வார்த்தைகளிலேயே கேட்கச் சொல்லுங்கள். "வெளிநாடு போகலாமா" என்று பொதுவாகக் கேட்டால், போகலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவார். முடிவு டாக்டரும் நீங்களும் எடுப்பது. என்னைக் கேட்டால் பிரசவம் ஊரிலேயே ஆகட்டும், ஜூனில் வரட்டும்.

ஜூன் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கோலா மலையில் பெய்கிற மழை ஒகவாங்கோ ஆற்றில் மாதக்கணக்காக ஊர்ந்து வந்து, இங்கே ஒரு சொட்டு மழை இல்லாத குளிர்காலத்தில்தான் மவுனுக்குச் சேரும். கடலுக்கே போகாத ஆறு அது, மணலிலேயே விரிந்து முடிந்துவிடும். காய்ந்து கிடக்கிற ஆற்றுப்படுகையில் தண்ணீர் முனை நகர்ந்து வருவதைப் பார்க்க ஊரே பாலத்தில் நிற்கும். கொசு குறைவு, பகலில் இதமான வெயில், ராத்திரி குளிர். கம்பளி கொண்டு வரச் சொல்லுங்கள், பாண்டி அண்ணன் கதை மவுனுக்கும் பொருந்தும்.

மகனுடைய பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 18 வயதுக்குள் யார் இந்த நாட்டுக்குள் வந்தாலும் பெற்றோர் இரண்டு பேர் பெயரும் உள்ள சான்றிதழ் கேட்பார்கள். நம்ம ஊரில் நிறையப் பேர் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்துவிட்டு, பெயர்க் கட்டத்தைக் காலியாகவே வைத்திருப்பார்கள். அப்பா கூட வராததால் உங்கள் சம்மதத்துக்கு ஒரு பிரமாணப் பத்திரமும் வேண்டும். மவுனில் போலீஸ் நிலையத்திலேயே அதில் உறுதிமொழி வாங்கி முத்திரை குத்திக் கொடுப்பார்கள்.


பாலைவனப் பாண்டி · நவம்பர் 6, காலை 8:05

மார்ச்சில் பிரசவம், அப்பா பக்கத்தில் இருக்க வேண்டாமா? அதையும் யோசியுங்கள் அம்மா.


மவுன் பழைய நர்ஸ் · நவம்பர் 6, காலை 8:20

இருக்கட்டும் அண்ணா. அதற்குத்தான் விடுமுறை. இப்போதே மார்ச்சுக்கு எழுதிக் கேட்டு வைக்கட்டும்.


பிரான்சிஸ்டவுன் மாஸ்டர் · நவம்பர் 6, காலை 10:15

தங்கச்சி சொல்லுறதுதான் சரி. நான் கூப்பிடுங்கோ எண்டு எழுதினதைத் திருப்பி எடுக்கிறன். தம்பி, பயணச் சீட்டைப் பற்றி ஒன்று. காசு திரும்பாது எண்டால் திகதி மாத்தேலாது எண்டு அர்த்தம் இல்லை. டொக்டரின் கடிதத்தோடு கேட்டால் அபராதத்தோடாவது மாற்றித் தருவார்கள். மாற்றும்போது கபரோனிக்குப் போடாமல் ஜோஹன்னஸ்பர்க் வழியாக நேரே மவுனுக்குப் பாருங்கோ, விமானம் இருக்கு. முழுப் பயணமும் ஒரே சீட்டாக இருக்க வேணும், பெட்டி நேரே மவுனுக்குப் போக வேணும். பெட்டி எடுக்க வெளியில் வர வேண்டி வந்தால் தென்னாப்பிரிக்கா விசா கேட்பார்கள். கைக்குழந்தையோடு அங்கே மறிபட்டு நிற்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறன்.

கபரோனியில் இறங்கி வீதியால் போகலாம் எண்டு ஆராவது சொன்னால் கேளாதேங்கோ. இரவில் மாடும் கழுதையும் வீதியில் படுத்திருக்கும், தாருக்குப் பகல் சூடு இருக்குத்தானே.


கபரோனி அக்கா · நவம்பர் 6, பகல் 12:40

மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி, நான் பாட்டுக்குப் பிளாக் 8 என்று எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உங்கள் பாஸ்போர்ட்டில் எத்தனை நாள் இருக்கலாம் என்று குத்தியிருக்கிறார்கள் என்று இப்போதே எண்ணுங்கள். பெர்மிட் வருவதற்குள் அந்த நாள் முடிகிற மாதிரி இருந்தால் கம்பெனியை நீட்டிப்புக்கு எழுதச் சொல்லுங்கள். 'வருகிறது' என்கிற வார்த்தையை யாரும் சோதனைச் சாவடியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விண்ணப்பம் வாங்கிக்கொண்டதற்கான ரசீதின் நகல் பையில் இருக்கட்டும். குடும்பத்துக்கு வசிப்பு அனுமதி தனி, உங்கள் பெர்மிட் வந்ததும் அதைத் தொடங்கினால் ஜூனுக்குச் சரியாக இருக்கும்.


திருச்சிப் பட்டை · நவம்பர் 6, மாலை 6:30

கரண்டு வந்துவிட்டது. சுற்றுலாக் கம்பெனி என்றால் நான் நேற்றுச் சொன்னது அப்படியே பொருந்தாது தம்பி, பயப்படாதீர்கள். வெள்ளைக்காரன் யானை பார்க்க டாலர் கொண்டுவருகிற வரை உங்களுக்கு வேலை உண்டு. ஆனால் அங்கே ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் கூட்டம். ஜனவரி, பிப்ரவரி மந்தமாக இருக்கும், அதைப் பார்த்துக் கம்பெனி மூடப்போகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

அறைக்கு வருவோம். குடும்பம் ஜூனில்தான் என்றால் உங்களுக்கு ஏன் இப்போது தனி வீடு? அறையில் இன்னும் மூன்று மாதம் இருக்கிறேன், எழுத்தில் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேளுங்கள். முன்பணமும் மிச்சம்.


மவுன் பழைய நர்ஸ் · நவம்பர் 6, இரவு 8:00

இதை யாராவது நேற்றே சொல்லியிருக்கலாம்!

வீடு பார்க்கும்போது வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள், குழாயைத் திறந்து பாருங்கள். மவுனில் முதல் கேள்வி ஜோஜோ டேங்க் இருக்கிறதா என்பது. மேடை போட்டு உயரத்தில் நிற்கிற பச்சை நிறப் பிளாஸ்டிக் டேங்க். இரண்டாவது, ஜன்னலில் கொசுவலை கிழியாமல் இருக்கிறதா. மூன்றாவது, ஆற்றுக்கு எவ்வளவு தூரம். ஆற்றோரம் அழகுதான், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம். இப்போதைக்குத் தண்ணீருக்குப் பக்கிக்காரர்களைக் கேளுங்கள். பக்கி என்றால் இங்கே பிக்கப் வண்டி, திட்டு இல்லை. பின்னால் டேங்க் ஏற்றிக்கொண்டு தண்ணீர் விற்பார்கள். குடிக்க மட்டும் கொதிக்க வைத்து.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். அது உங்களுக்கும்தான்.


தென்காசிக்காரன் · நவம்பர் 14, இரவு 10:30

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

சான்றிதழை எடுத்துப் பார்த்தால் நர்ஸ் அக்கா சொன்ன மாதிரியே பெயர்க் கட்டம் காலி. ஆண் குழந்தை என்று மட்டும் இருக்கிறது. மாமனார் நகராட்சிக்கு இரண்டு நாள் அலைந்து பெயர் சேர்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார். டாக்டர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். கடிதம் கொடுத்தார், தேதியை ஜூன் 20க்கு மாற்றினோம், அபராதம் போனது போகட்டும். பிறக்கப் போகிற குழந்தையின் டிக்கெட்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமாம். மார்ச்சில் எனக்கு 3 வாரம் விடுமுறை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் கேட்டு வாங்கினேன். பிப்ரவரி கடைசி வரை அறையும் எழுத்தில்.

பெர்மிட் இன்னும் வரவில்லை. ரசீது பையில் இருக்கிறது. போலீஸ் நிலையத்தில் துமேலா ம்மா சொல்லி, தூக்கம் எப்படி என்று அந்த அம்மா கேட்க, நீர்யானையைச் சொன்னேன். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். முத்திரை ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது. வெளியே பெரிய பாவாடையும் மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் நீண்ட தலைப்பாகையுமாக ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். ஹெரேரோ என்றார்கள், 1904இல் ஜெர்மன்காரர்களிடமிருந்து தப்பி நமீபியாவிலிருந்து நடந்து வந்தவர்களின் வழியாம்.

அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து மனைவிக்கு அனுப்பினேன். மகன் அதைப் போட்டுப் போட்டுக் கேட்கிறானாம். மாமனாருக்கு அது என்ன சத்தம் என்று இன்னும் சொல்லவில்லை, என் குறட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கம்பெனியில் சொல்லி ஒரு சின்ன ஜோஜோ டேங்க் வாங்கிவிட்டேன். பக்கிக்காரர் நிரப்பிவிட்டுப் போனார்.


மவுன் பழைய நர்ஸ் · நவம்பர் 14, இரவு 10:41

சந்தோஷம். டேங்குக்கு மூடி இருக்கிறதா?


தென்காசிக்காரன் · நவம்பர் 14, இரவு 10:44

இல்லை. நாளைக்குக் காலையில் வாங்கிவிடுகிறேன்.


மவுன் பழைய நர்ஸ் · நவம்பர் 14, இரவு 10:45

இன்றைக்கு ராத்திரி ஒரு துணியைப் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.